தயா கேப்டனின் ஒரு சுற்று

அந்தப் புதன்கிழமை மாலை பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷெட் பூட்டியிருந்தது. பந்து, கோல் கம்பங்களுக்குச் சுற்றுகிற மெத்தை, தண்ணீர் டிரம் எல்லாம் அதற்குள்தான். சாவி தயா அங்கிளிடம். ஹியூஸ்டனை ஒட்டிய கேட்டியில் எங்கள் கிளப் தொடங்கிய நாளிலிருந்து அது அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. கேப்டன் பதவியை விட்ட பிறகும் சாவியை அவர் விடவில்லை. இரண்டு நாளாக நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் இருந்தார். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம். யாரிடமாவது சாவியைக் கொடுத்தனுப்புவார் என்று பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வதனி ஆன்ட்டியின் வெள்ளைக் கார் வந்தது. தயா அங்கிளின் மனைவி. இறங்கிப் புல்லில் மெதுவாக நடந்து வந்து, மிக்கின் உள்ளங்கையில் சாவியை வைத்தார். மிக் ஆஸ்திரேலியர், இப்போதைய கேப்டன். அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, மிக் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஆன்ட்டி என் அப்பா பக்கம் திரும்பினார்.

"காலமை போயிட்டார். நீங்கள் எல்லாரும் வந்து நிப்பீங்கள் எண்டு தெரியும். திறப்பு உங்களிட்ட இருக்க வேணுமெல்லோ."

யாழ்ப்பாணத்தில் காலைக்குக் காலமை, சாவிக்குத் திறப்பு என்று பெயர். பூட்டுவதும் அதே சாவிதான், ஆனாலும் அவர்களுக்கு அது திறப்பு. அன்றைக்கு மிக் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷெட்டைத் திறந்தார். பயிற்சி நடந்தது. நடத்தச் சொன்னது ஆன்ட்டிதான்.

நம் தமிழ்ச் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவரோடு ஆடியவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்க, பதினேழு வயதுக்காரியிடம் ஏன் கேட்டார்கள் என்றால், ஆட்ட நாட்களில் மைக் என் கையில் இருக்கும். நம் குடும்பங்கள் பார்க்க வர ஆரம்பித்தபோது தமிழில் யாராவது வர்ணனை சொல்ல வேண்டும் என்று தயா அங்கிள்தான் ஏற்பாடு செய்தார். "அவர் கேப்டன், நான் கேப் விடாமல் பேசுகிறவள்" என்று முதல் நாளே மைக்கில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அதைத் தான் கண்டுபிடித்த ஜோக் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்க்காதவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. ஆஸ்திரேலியக் கால்பந்து. பெயரில்தான் கால், பாதி வேலை கைக்கு. பந்து முட்டை வடிவம். மைதானமும் முட்டை வடிவம். முதல் வருஷம் எங்கள் ஸ்கோரும் ஏறக்குறைய முட்டை. நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் தவறிப் பக்கத்தில் போனாலும் ஒரு புள்ளி உண்டு. குறி தப்பினதற்கும் ஏதோ கொடுக்கிற அந்த நல்ல மனசு நம் கணக்கு வாத்தியார்களுக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்தால் அதற்கு மார்க் என்று பெயர். "தயா அங்கிள் அருமையான மார்க்!" என்று நான் கத்தியதும், அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை அப்பா அம்மாவும் தலையைத் தூக்கினார்கள். ஒரு ஆன்ட்டி என்னிடம் வந்து நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டார்.

அவர் அந்த ஆட்டத்துக்கு வந்த கதையை அவர் வீட்டில் சாப்பிட்ட எல்லோரும் கேட்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு மெல்பர்ன் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் ஆள் குறைகிறது என்று அணியில் நிறுத்திவிட்டார்கள். விதி ஒன்றும் தெரியாது. ஒரு பந்து உயரத்திலிருந்து வந்தது, பிடித்துவிட்டார். எல்லோரும் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்ததும் பந்தோடு எடுத்தார் ஓட்டம். மைதானத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தெருவில் இறங்கி ஓடியிருக்கிறார். ஓடி வந்த பையன்கள் முதுகில் தட்டிக்கொடுக்கத்தான் வந்தார்களாம்.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் இதைச் சொல்வார்: "பந்தைப் பிடிச்சிட்டா நிண்டு மூச்சு விடலாம், ஒருத்தரும் தொடக் கூடாது எண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரேல்ல. அது விளங்கின நாளிலயிருந்து இந்த விளையாட்டில ஒரு பிரியம்." பிறகு யாருக்காவது இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பார். எதிலிருந்து ஓடி வந்த பையன் அவர் என்று நான் யோசிக்க ஆரம்பித்தது ரொம்ப நாள் கழித்துத்தான்.

அதற்குப் பிறகு அவர் விடவில்லை. மெல்பர்னின் புறநகர்க் கிளப் ஒன்றில் இருபது வருஷம் ஆடினார். எப்போதும் கடைசித் தடுப்பாட்டக்காரர், கோல் அடிக்கப் போகிறவனைத் தடுக்கிற வேலை. அங்கே இரண்டாம் அணிக்குக் கேப்டனும் ஆனார். கல்யாணமான புதிதில் வதனி ஆன்ட்டியை முதல் முறையாக ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார். ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே ஒருவன் வந்து மோதினதில் காறை எலும்பு உடைந்தது. பட்டுச்சேலையோடு ஆம்புலன்ஸில் ஏறிய ஆன்ட்டி, இனி இந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் நர்ஸ். உடைந்த ஆட்களை வேலையில் பார்ப்பது போதும் என்பார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஹியூஸ்டனுக்குக் குழாய்ப் பொறியாளர் வேலைக்கு வந்து, இங்கே இருந்த ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து தயா அங்கிள் கிளப் தொடங்கிய பிறகும் அதுதான் நிலைமை. கம்பங்களை ஏற்றிப் போகத் தோதாக வேன் வைத்திருந்தது அவர் ஒருவர்தான், அதனால்தான் தன்னைக் கேப்டன் ஆக்கினார்கள் என்று சொல்வார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆன்ட்டி வேனுக்குப் பின்னாலேயே தன் காரில் வருவார். காரை மைதானத்துக்கு முதுகு காட்டி நிறுத்துவார். டெக்சாஸ் வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு தடவை பின்பார்வைக் கண்ணாடியையும் திருப்பி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் தயா அங்கிள் கை குலுக்குவதற்கும் முன்னால் அந்தக் காரிடம் போவார். கார் ஜன்னல் பாதி இறங்கும். அவர் அதன் முன்னால் நின்று, கைகள் இரண்டையும் விரித்து, ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். துணிக்கடையில் புதுச்சட்டை போட்டுக் காட்டுகிற மாதிரி. எல்லாம் சரியாக இருந்தால் ஜன்னல் ஏறிவிடும். எங்காவது ரத்தம் தெரிந்தால் கதவு திறந்து முதலுதவிப் பெட்டி வெளியே வரும். ஆஸ்திரேலியர்கள் இதைத் தமிழர்களுடைய சடங்கு என்று நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் மிக்கிடம் விளக்கி வைத்திருந்தேன்.

"என்ர வாழ்க்கையில ஒரு மட்ச்சாவது வதனி பாக்க வேணும்." இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று தெரியாது. ஆன்ட்டியிடம் மட்டும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். கேட்டால் வருவார், வந்தால் பயந்துகொண்டே பார்ப்பார், அது தனக்கு வேண்டாம் என்பதுதான் அவருடைய கணக்கு.

என் அப்பா அணியில் சேர்ந்தது ஓர் இந்திய மளிகைக் கடை பார்க்கிங்கில். யாரோ ஒருவருடைய தள்ளுவண்டியிலிருந்து பூசணிக்காய் உருண்டு விழப் போனது. பக்கத்தில் நின்ற அப்பா பாய்ந்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல், "நல்ல மார்க்" என்றது. அடுத்த கேள்வி, "சனிக்கிழமை வேலை இருக்கோ?" கோயம்புத்தூரில் கேரம் போர்டு தவிர எதையும் ஆடாத அப்பாவுக்குச் சனிக்கிழமைகளில் வேறு வேலை இல்லாமல் போயிற்று. மைதானத்தின் பின் மூலையில் நிற்கிற இடத்துக்குப் பின் பாக்கெட் என்று பெயர். எல்லோரும் பின் பாக்கெட்டில் பர்ஸ் வைத்திருப்பார்கள், தயா அங்கிள் என் அப்பாவை வைத்திருந்தார்.

அணியின் வெள்ளைக்காரப் பையன்கள் தயா அங்கிளை "டாய்" என்று கூப்பிடுவார்கள். பெயர்களைப் பாதியில் ஒடிப்பது ஆஸ்திரேலியப் பழக்கம். மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்த நம் பெரியவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. இருபது வயதுப் பையன் ஐம்பது வயது மனிதரைப் பார்த்து டேய் என்கிறானே என்று ஒருவர் எழுந்தேவிட்டார். தயா அங்கிள் ஓடிக்கொண்டே அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இந்த ஆட்டத்தில் நாலு கால் உண்டு. மூன்று கால் முடிந்ததும் எல்லோரும் மைதானத்தின் நடுவில் கூடி நிற்க, கேப்டன் பேச வேண்டும். டாலஸ் அணியிடம் ஒருமுறை கேவலமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். ஸ்கோரை மைக்கில் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. திட்டப்போகிறார் என்று எல்லோரும் குனிந்து நின்றார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "போர்டைப் பாக்காதேங்கோ. பக்கத்தில நிக்கிறவரைப் பாருங்கோ. தண்ணி வேணுமோ எண்டு கேளுங்கோ." அப்பா இதை அப்படியே எடுத்துக்கொண்டு, நாலாவது காலில் தன் பக்கத்தில் நின்ற எதிரணி ஆளிடம் தண்ணி வேணுமா என்று கேட்டார். அவன் குழம்பி நின்ற நேரத்தில் பந்து அவனைத் தாண்டிப் போய்விட்டது. அப்போதும் தோற்றோம். ஆனால் சிரித்துக்கொண்டு தோற்றோம்.

முழங்கால் இனிமேல் தாங்காது என்று மருத்துவர் சொன்ன வருஷம், கடைசி ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள். ஒரு கேப்டனின் பெரிய நாளில் ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கம். மெல்லிய கிரேப் காகிதத்தில் வீடு உயரத்துக்குப் பேனர் செய்து இரண்டு கம்பங்களில் கட்டிப் பிடிப்பார்கள். கேப்டன் அதைக் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வர வேண்டும், அணி பின்னால் வரும். இதை மிக் நம் சங்கத்துக்காரர்களிடம் விளக்கினார். பேனர் என்ற சொல்லைக் கேட்டதுமே மணி அங்கிள் எழுந்து, அதை என்னிடம் விடுங்கள் என்றார். அவர் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார். இந்த ஊரில் நம் பிள்ளைகளின் சடங்கு, கல்யாணம், அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் வாசலில் நிற்பது அவர் அடித்த பேனர்தான். கிழிக்க வேண்டும் என்கிற பகுதி வரும்போது அவர் எந்த எழுத்து, எந்த நிறம் என்ற யோசனையில் இருந்திருக்கிறார்.

ஆட்டத்தன்று பேனரைப் பார்த்தீர்களே. பத்தடி உயரத்தில் தயா அங்கிள் கோட் போட்டுச் சிரித்தார். இரண்டு பக்கமும் சிங்கம். மேலே "வெற்றித் தளபதியே வருக", கீழே அதைவிடப் பெரிதாக அவர் பெயர். ஓரமெல்லாம் மடித்துத் தைத்து, உலோக வளையம் போட்டுக் கட்டியிருந்தது. நல்ல வினைல். புயல் அடிச்சாலும் அசையாது தங்கம் என்று மணி அங்கிள் என்னிடம் பெருமையாகத் தட்டிக் காட்டினார். அப்போதுகூட என் மண்டையில் பல்பு எரியவில்லை. எனக்கு வேறு கவலை. ஒரு கம்பத்தைப் பிடிக்க ஆள் குறைந்தது, என் கையில் மைக்.

காரிடம் போய் ஜன்னலைத் தட்டினேன். கடைசி ஆட்டம், கம்பம் பிடிக்க ஆள் இல்லை என்றேன். எனக்கு ஏலாது பிள்ளை என்றார் ஆன்ட்டி. "கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சாலும் பரவாயில்ல ஆன்ட்டி, கம்பத்துக்குக் கண்ணா தெரியப்போகுது" என்றேன். ஏசியை அணைத்தார். பிறகு இறங்கி வந்து, நிஜமாகவே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கம்பத்தைப் பிடித்தார். தூரத்திலிருந்து தயா அங்கிள் இதைப் பார்த்துவிட்டார். அவர் ஓடி வந்த வேகத்துக்கு அதுதான் காரணம்.

வந்தார், மோதினார், திரும்பிப் போனார். சுவரில் மோதின ஆள் மாதிரி அப்படியே மல்லாந்து விழுந்தார். பின்னால் வந்த என் அப்பா அவரைத் தாண்டப் பார்த்து, முடியாமல், கோட் போட்ட தயா அங்கிளின் மார்பில் முட்டிக்கொண்டார். சிங்கம் ஒன்று லேசாகக் கசங்கியது, அவ்வளவுதான். எல்லோரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு சமயம் இடைவேளை ஆரஞ்சுத் துண்டுகளில் மிளகாய்ப்பொடி தூவியிருந்தேன். ஆஸ்திரேலியர்கள் இன்றும் அப்படித்தான் வேண்டும் என்கிறார்கள், ஆனாலும் பழி பழிதானே.

கம்பம் வெடுக்கென்று இழுத்ததில் வதனி ஆன்ட்டி கண்ணைத் திறந்துவிட்டார். அடுத்த நொடி தயா அங்கிள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். தலையைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். "என்னப்பா, உங்கட பேர் என்ன, சொல்லுங்கோ."

தலையில் அடிபட்டவரிடம் நர்ஸ் கேட்கிற கேள்வி. தயா அங்கிள் படுத்தபடியே கையைத் தூக்கி மேலே காட்டினார்.

"உதில பெரிசா எழுதியிருக்கு, பாரும்."

ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்தார். பத்தடித் தயா அங்கிளைப் பார்த்தார், புல்லில் கிடந்த தயா அங்கிளைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை, நிறுத்தவே முடியவில்லை. மணி அங்கிள் மட்டும், தரம் குறைவா இருந்தா கிழிஞ்சிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். யாரோ என் பெயரைச் சொன்னபோது தயா அங்கிள் எழுந்து உட்கார்ந்து, "இது அவ இல்லை. அவ செய்யிற பகிடி இதைவிடத் திறமா இருக்கும்" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே நன்னடத்தைச் சான்றிதழ்.

ஆன்ட்டி காருக்குத் திரும்பவில்லை. எல்லைக் கோட்டில் நின்றார். பிறகு யாரோ நாற்காலி கொடுக்க உட்கார்ந்தார். நாலு காலும் பார்த்தார். கடைசிக் காலில், வாழ்நாள் முழுவதும் கோலைத் தடுத்தே பழகிய மனிதரை மிக் வற்புறுத்தி, கோல் அடிக்கிற இடத்துக்கு அனுப்பி வைத்தார். தயா அங்கிள் ஒரு மார்க் பிடித்தார். எல்லோரும் நின்றார்கள். யாரும் அவரைத் தொடக் கூடாது. அவர் அவசரப்படவே இல்லை. திரும்பி, ஆன்ட்டி இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, நிதானமாக மூச்சு விட்டுவிட்டு உதைத்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. ஒரு புள்ளி. மைக்கில் அதை ஒரு லட்சம் புள்ளி மாதிரி அறிவித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் கார் நிற்கும் திசையில் பழக்கத்தில் இரண்டு எட்டு வைத்துவிட்டு, நினைவு வந்து நாற்காலிக்கு வந்தார். கைகளை விரித்து ஒரு சுற்று சுற்றினார். "நான்தான் முழுக்கப் பாத்தனே" என்றார் ஆன்ட்டி. "பாத்தாலும் காட்ட வேணும்" என்றார் அவர். அதற்குப் பிறகு மிக் தலைமையில் நடந்த எல்லா ஆட்டங்களுக்கும் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கார் மைதானத்தைப் பார்த்து நின்றது. சாவி கொண்டுவந்த புதன்கிழமையும் அப்படித்தான் நிறுத்தியிருந்தார்.

அந்தப் பேனர் வீணாகவில்லை. ஜனவரியில் உறைபனி வந்தபோது அவர்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு அதைப் போர்த்தி, நாலு பக்கமும் செங்கல் வைத்தார் தயா அங்கிள். அந்தப் பனியில் தெருவிலுள்ள பாதிச் செடி போயிற்று, அவருடையது பிழைத்தது. "வெற்றித் தளபதியே வருக" என்று ஒரு புதர் வாசலில் வரவேற்றதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் உண்டு. அந்தச் செடிக்கு வெயில் வந்து பேனரை எடுத்த சில வாரங்களில் அவர் போய்விட்டார். நூறு வயதை முழு ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், அவர் முக்கால்கூட ஆடவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவர் நினைவாக ஆட்டம் வைத்தோம். பேனர் வேண்டும் என்றதும் மணி அங்கிள் ஆன்ட்டியிடம் போய்த் தயங்கி நின்றார். "இந்த முறை கிழியிற மாதிரிச் செய்யுங்கோ" என்றார் ஆன்ட்டி. மணி அங்கிள் மிஷினைத் தொடாமல், கிரேப் காகிதத்தை வாங்கி, தன் கையாலேயே வெட்டி ஒட்டினார். படம் இல்லை, சிங்கம் இல்லை. "தயா" என்று இரண்டே எழுத்து. ஒரு கம்பத்தை ஆன்ட்டி பிடித்தார், கண்ணைத் திறந்துகொண்டு. மிக் ஓடி வந்தார், அருகில் வந்ததும் தயங்கினார். அந்தப் பெயரைக் கிழிக்க மனம் வரவில்லை என்பது தெரிந்தது. "வாரும், வாரும்" என்று ஆன்ட்டி தலையசைத்துக் கூப்பிட்டார். காகிதம் சத்தமில்லாமல் கிழிந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். மைக்கில் நான் ஒன்றும் சொல்லவில்லை. கேப் விட்டேன்.

ஆட்டம் முடிந்தது. வென்றோமா என்று கேட்காதீர்கள், பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள். கை குலுக்குவதற்கு முன் என் அப்பா நேராக ஆன்ட்டியின் நாற்காலிக்குப் போனார். முன்னால் நின்று, கைகளை விரித்து, ஒரு சுற்று சுற்றினார். ஆன்ட்டி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "முட்டியில ஐஸ் வையுங்கோ" என்றார். அப்புறம் மிக் வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள், வரிசையில் அன்று எதிர்த்து ஆடிய டாலஸ் அணிக்காரர்களும் நின்றார்கள், ஏன் என்று தெரியாமலே. ஆன்ட்டி ஒருவரையும் விடாமல் பார்த்து அனுப்பினார். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். அடுத்து நின்றவர் சுற்றாமல் காத்திருந்தார்.

கடைசியில் நானும் போய்ச் சுற்றினேன். "உமக்கு வாயில மட்டும்தானே காயம் வரும்" என்றார். ஆனாலும் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

தயா அங்கிளிடமிருந்து எனக்கு மார்க் பிடிக்க வரவில்லை, பொறுமை வரவில்லை, சாவியும் மிக்கிடம் போய்விட்டது. நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சுற்றை. அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும், சமையலறையில் நின்ற அம்மாவின் முன்னால் போய்க் கையை விரித்துச் சுற்றினேன். இப்போது பள்ளி விட்டு வந்ததும் அதைத்தான் செய்கிறேன். முதல் நாள் அம்மா, என்னடி இது, புது டான்ஸா என்று கேட்டார். இப்போதெல்லாம் கேட்பதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி, முழுசாகப் பார்க்கிறார்.